மாங்கன்றுக் கொப்பை எப்போது வெட்டுவது?

சரி, அடுத்த கேள்வி நிலாவெளியில் இருந்து ஒரு அக்கா அனுப்பியது. கனடாவில் இருக்கும் அவருடைய தம்பி, வளவில் நிற்கும் வெள்ளைப் பைன் கன்றுகளுக்குப் பங்கசு நோய் வராமல் இருக்கக் கீழ்க்கொப்புகளை வெட்டிவிடுகிறாராம். "என்னிடம் மூன்று வயது ஒட்டுமாங்கன்று இரண்டு நிற்கிறது, நுனி கருகுகிறது. மழை தொடங்கியதும் நானும் அப்படி வெட்டலாமா?" என்று கேட்கிறார்.

வெட்டலாம் அக்கா. ஆனால் மழைக்கு முன்னரே வெட்டிவிடுங்கள்.

தம்பி செய்வது சரியான வேலை. அங்கே பைனைப் பிடிப்பது கொப்புளத் துரு நோய். பங்கசின் வித்தி ஊசியிலையில் இறங்கி, கொப்பு வழியாக மெல்ல மெல்லத் தண்டுக்குப் போகும். தண்டைச் சுற்றிவிட்டால் மரம் பட்டுவிடும். நிலத்துக்குக் கிட்ட ஈரம் நெடுநேரம் நிற்பதால் கீழ்க்கொப்புகளில்தான் பெரும்பாலும் தொற்றும். அதனால் நோய் தண்டைத் தொடுமுன் கொப்பையே எடுத்துவிடுகிறார்கள்.

மாமரத்துக் கதை வேறு. இங்கே அந்திரக்னோஸ் என்ற கருகல் நோயைத் தரும் பங்கசு கொப்புக்குள் காய்ந்து நிற்கும் சுள்ளிகளில் கிடந்து, மழைத்துளி தெறிக்கும்போது இளந்தளிருக்குப் போகிறது. நுனியிறப்பை உண்டாக்கும் பங்கசு வெட்டுக்காயத்தாலும் உள்ளே போகும். நமக்கு ஐப்பசி முதல் தை வரை மழை. அந்த மழைக்காலத்தில் வெட்டினால் நாமே காயத்தைத் திறந்து வைத்தது போலாகும். வெட்டிய பிறகு வரும் தளிர் முற்ற ஒன்றரை மாதமாவது வேண்டும். ஆகவே ஆடி கடைசி, ஆவணி முதல் பாதிக்குள் வேலையை முடித்துவிடுங்கள்.

இப்போது அந்தக் கருகிய நுனிக்கு வருவோம். அதை ஒடித்து, கத்தியால் நீளவாக்கில் கீறிப் பாருங்கள். உள்ளே கபில நிறக் கோடு ஓடியிருந்தால் அது நுனியிறப்பு. கோடு முடியும் இடத்தில் வெட்டினால் போதாது; இன்னும் நான்கு விரற்கடை கீழே, நல்ல மரத்தில் வெட்டவேண்டும். ஒவ்வொரு வெட்டுக்கும் இடையில் கத்தரிக்கோலை ஸ்பிரிட்டால் துடையுங்கள். இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள், எனக்கு மனம் பொறுக்காது. நோய்க் கொப்பை வெட்டிய அதே அலகை நல்ல கொப்பில் வைத்தால் நோயை நாமே கொண்டுபோய்க் கொடுக்கிறோம்.

முழுக்கொப்பை எடுப்பதென்றால், அது தண்டோடு சேரும் இடத்தில் சற்றுத் தடித்த வளையம் இருக்கும், கையால் தடவினாலே தெரியும். அந்த வளையத்தைத் தண்டிலேயே விட்டு, அதற்கு வெளியே வெட்டுங்கள், காயம் மூடுவது அங்கிருந்துதான். ஒட்டுக்குக் கீழே வரும் தளிர்களை எப்போதும் கிள்ளிவிடுங்கள்.

காயத்துக்குப் போர்டோ பசை பூசுங்கள். 100 கிராம் செப்புச் சல்பேட்டு, 100 கிராம் சுண்ணாம்பு, 1 லீற்றர் தண்ணீர். பிளாஸ்ரிக் வாளிகளில் தனித்தனியே கரைத்துக் கலக்கி, அன்றைக்கே பூசிவிடவேண்டும். துலக்கிய இரும்புக் கத்தியை அதில் தோய்த்துப் பாருங்கள். அலகில் செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை.

அப்புறம், ஒரேயடியாக மொட்டையாக்க வேண்டாம். ஆவணியிலும் தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று கொதிக்கும், நிழல் இழந்த பட்டை வெந்து வெடிக்கும். தண்டுக்குச் சுண்ணாம்பு அடித்துவிடுங்கள்.

மழைக்குள் புதிதாகக் கருகல் கண்டால், வெயில் எறிக்கும் ஒரு நாளில் அந்த நுனியை மட்டும் எடுத்துப் பசை பூசுங்கள். வெட்டியதை மரத்தடியில் போடாமல் எரித்துவிடுங்கள். கீறிய நுனியைப் படம் எடுத்து அனுப்புங்கள் அக்கா, பார்த்துச் சொல்கிறேன்.