கை நிற்கும் இடம்

வணக்கம், நேயர்களே. கையேட்டில் சொன்னபடியே எல்லாம் செய்தும் ஒரு மென்பொருள் திறக்காமல் திகைத்துப்போன அனுபவம் உங்களில் பலருக்கு இருக்கும். மென்பொருள்களுக்கு ஆவணம், அதாவது பயன்படுத்தும் கையேடு, எழுதும் தன்னார்வப் பணிக்குள் நான் வந்ததே அப்படி ஒரு திகைப்பால்தான்.

திறமூல மென்பொருள் ஒன்றை, அதாவது நிரலை யாரும் பார்க்கவும் மாற்றவும் கூடிய ஒன்றை, நிறுவிக்கொண்டிருந்தேன். மூன்றாவது படியில் இருந்த கட்டளையை டெர்மினலில், அதாவது கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் திரையில், அப்படியே தட்டினேன். 'அப்படி ஒரு கோப்பு இல்லை' என்றது திரை. திரும்பத் திரும்பத் தட்டினேன், அதே பதில். ஒரு மணி நேரம் கழித்துத்தான் பிடிபட்டது: இறக்கிய ஃபோல்டருக்குள் போன பிறகுதான் அந்தக் கட்டளையைக் கொடுக்க வேண்டும். எழுதியவர் நாள் முழுக்க அந்த ஃபோல்டருக்குள்ளேயே வேலை செய்பவர், அதைச் சொல்ல வேண்டும் என்றே அவருக்குத் தோன்றியிருக்காது. 'முதலில் இந்த ஃபோல்டருக்குள் செல்லுங்கள்' என்று ஒரு வரி சேர்த்து, புல் ரிக்வெஸ்ட்டாக, அதாவது 'இந்த மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள்' என்ற கோரிக்கையாக, அனுப்பினேன். ஏற்றுக்கொண்டார்கள். நிரல் எழுதத் தெரியாத எனக்கும் இங்கே வேலை இருக்கிறது என்று அன்றுதான் புரிந்தது.

வேலை நிறையவே இருக்கிறது. திறமூலத் திட்டங்கள் பலவற்றுக்கு இடம் தரும் கிட்ஹப் தளம் 2017இல் நடத்திய ஆய்வில் பதிலளித்தவர்களில் 93 சதவீதம் பேர், அரைகுறையான, பழசாகிப்போன ஆவணங்களைப் பெரிய குறையாகச் சொன்னார்கள். பங்களிப்பவர்களில் 60 சதவீதம் பேரோ ஆவணப் பக்கம் வருவதே அரிது, அல்லது வருவதேயில்லை என்றார்கள்.

1971இல் யூனிக்ஸ் என்ற இயங்குதளத்துக்கு வந்த முதல் கையேட்டை நினைத்தால் எனக்கு இன்றும் மரியாதை வரும். ஒரு கட்டளை என்ன செய்யும் என்பதோடு, அதில் என்ன பிழை இருக்கிறது என்று சொல்லவும் அதில் தனித் தலைப்பு வைத்திருந்தார்கள். இது வேலை செய்யாது என்று முன்கூட்டியே சொல்லிவிடும் ஆவணத்தை நம்பி உட்காரலாம்.

சொற்களிலும் கவனம் வேண்டும். 'எளிதாக', 'சுலபமாக' போன்ற சொற்களைத் தவிர்க்கும்படி இணையதளங்கள் உருவாக்க உதவும் ஜாங்கோ என்ற திறமூலத் திட்டத்தின் எழுத்து விதிகள் கேட்டுக்கொள்கின்றன. எவ்வளவு சரி! 'சுலபம்' என்று எழுதிய இடத்தில் தடுமாறுகிறவர், குறை தன்னிடம்தான் என்று நினைத்து மூடிவைத்துவிட்டுப் போய்விடுவார்.

கோப்புகளில் செய்த மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட், எளிய குறிகளால் எழுத்தை வடிவமைக்கும் மார்க்டவுன் என்று சில கருவிகள் பழக வேண்டியிருக்கும். அது சில நாள் வேலைதான். நேரம் பிடிப்பது சரிபார்ப்பு. எழுதிய ஒவ்வொரு கட்டளையையும், அந்த மென்பொருள் இதற்கு முன் ஏறாத ஒரு கணினியில் முதலிலிருந்து ஓட்டிப் பார்க்க வேண்டும். நம் கணினியில் என்றோ நிறுவி மறந்துபோன ஏதோ ஒன்று, நமக்கே தெரியாமல் உதவிக்கொண்டிருக்கும். அதன் பிறகு நிரலர்கள் படித்துத் திருத்தம் சொல்வார்கள். 'இந்த அமைப்பை மாற்றினால் மென்பொருளை மூடித் திறக்க வேண்டும்' என்பதுபோல அவர்களுக்கு மட்டுமே தெரிந்த விஷயம் அப்போதுதான் வெளியே வரும். அதற்காகவே, கேள்வி கேட்க நான் கூச்சப்படுவதில்லை.

ஒரு சங்கடமும் உண்டு. பழகப் பழக, விடுபட்ட வரி நம் கண்ணுக்கும் தெரியாமல் போகிறது. அதனால் இப்போதெல்லாம், எழுதி முடித்த பக்கத்தைப் புதியவர் ஒருவரிடம் கொடுத்துவிட்டு, வாய் திறக்காமல் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன். அவர் கை எந்த இடத்தில் நிற்கிறதோ, அதைக் குறித்துக்கொள்கிறேன். போன வாரம் ஐந்தாம் படியில் நின்றது. அந்த வரியை இன்று இரவு எழுத வேண்டும். நன்றி, வணக்கம்.