அந்தியேட்டி முடிந்த பிறகு யார் வருகிறார்கள்?

வணக்கம் உறவுகளே. இலங்கையின் வடக்கே, வன்னியில் இருக்கிற விசுவமடுவிலிருந்து கதைக்கிறேன். பின்னால் கேட்கிறது இறைக்கிற மிசின் சத்தம். பக்கத்துத் தோட்டத்தில் மிளகாய்க்குத் தண்ணீர் போகிறது, அதை நிற்பாட்டச் சொல்ல முடியாது. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கோ.

போன வருஷம் புரட்டாதியில் என் மனுசன் மாரடைப்பில் காலமாகிவிட்டார். அதற்குப் பிறகு கன நாள் இந்தப் பக்கம் நான் வரவில்லை. விசாரித்த எல்லாருக்கும் நன்றி. இன்றைக்கு அவரைப் பற்றிக் கதைக்க வரவில்லை, அதற்கு இன்னும் மனம் இடம் தரவில்லை. ஒரு வீட்டில் இழப்பு வந்தால் மற்றவர்கள் என்ன செய்யலாம், அந்த வீட்டில் இருக்கிறவர் அதை எப்படி வாங்கிக்கொள்வது என்று கதைக்கத்தான் வந்தேன். இரண்டில் வாங்குவதுதான் கஷ்டம் என்று இப்போது நினைக்கிறேன்.

செத்தவீட்டைப் பொறுத்தவரை எங்கள் சனத்துக்கு யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. செய்தி போய் ஒரு மணித்தியாலத்துக்குள் தறப்பாள் கட்டியாகிவிடும். மரண உதவிச் சங்கத்துக் கதிரைகள் வந்திறங்கும். அந்த வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது என்பதால் சோறும் கறியும் அக்கம்பக்கத்திலிருந்து வந்துகொண்டே இருக்கும். கிராம சேவையாளரிடம் போவது, மரணப் பதிவு, ஐயருக்குச் சொல்வது எல்லாம் யாரோ ஓடி ஓடிப் பார்ப்பார்கள். எனக்கு அந்த நாட்கள் பாதி நினைவில் இல்லை. ஒன்று மட்டும் நல்ல நினைவு. ஒரு பெரியம்மா என் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்து அழுதா. முதலில் என் மனுசனின் பேரைச் சொல்லித்தான் அழுதா. கொஞ்ச நேரத்தில் பேர் மாறிவிட்டது. 2009இல், கடைசிப் போரின்போது, மாத்தளனில் செல் (எறிகணை) விழுந்து செத்துப்போன தன் மகனின் பேரைச் சொல்லி அழுதா. அவனுக்கு அப்போது ஒரு சடங்கும் செய்ய வழியில்லை. ஒரு பங்கருக்குப் பக்கத்தில் மண்ணைத் தள்ளி மூடிவிட்டு அடுத்த இடத்துக்கு ஓடின காலம் அது. எங்கள் முற்றத்தில் அன்றைக்கு ஒரு சாவுக்கு மட்டும் சனம் அழவில்லை. அப்படி எல்லாரும் சேர்ந்து அழுதது எனக்கும் ஒரு தாங்கலாக இருந்தது.

அப்புறம் சாம்பல் அள்ளுகிற காடாத்து, எட்டாம் நாள் சடங்கு, துடக்குக் கழிக்கிற 31ஆம் நாள் அந்தியேட்டி. கதிரையை ஏற்றிக்கொண்டு லான்ட்மாஸ்டர் போகும். வெளியூர்ச் சொந்தங்கள் பஸ் ஏறும். படலை வரைக்கும் வந்து எல்லாரும் சொல்கிற வசனம் ஒன்று இருக்கிறது: “ஏதும் தேவையெண்டாச் சொல்லும் பிள்ளை.” மனதாரத்தான் சொல்கிறார்கள். ஆனால் அந்த நேரத்தில் என்ன தேவை என்று எனக்கே தெரியாது. இன்றைக்கு என்ன கிழமை என்றுகூடத் தெரியாமல் இருக்கிறவள் யாருக்குப் போன் எடுத்து எதைக் கேட்பாள்?

இங்கே நான் சொல்ல வந்த முதல் விஷயம் இதுதான். கேட்க வையாதீர்கள். ஒரு வேலையைக் கையில் எடுத்துக்கொண்டு வாருங்கள். அந்தியேட்டி முடிந்தபோது ஐப்பசி, பெரும்போக விதைப்பு நேரம். எங்கள் காணி மானாவாரி. மழைக்கு முன்னம் விதைக்காவிட்டால் கார்த்திகை வெள்ளத்தில் முளை தாளாது. ஒரு அண்ணை வந்து திண்ணையில் இருந்து, ஆறுதல் ஒன்றும் சொல்லாமல், “பிள்ளை, நாளைக்கு விடிய ரக்டர் வருது. விதைநெல் எங்க வச்சிருக்கிறியள்?” என்று மட்டும் கேட்டார். அதற்கு எனக்குப் பதில் தெரியும். அறைக்குள் போய்ச் சாக்கைக் காட்டினேன். பல நாளுக்குப் பிறகு நான் விடை சொல்லக்கூடிய ஒரு கேள்வியைக் கேட்டது அவர்தான். முன்வீட்டு அக்கா காலையில் வந்து என் மகளைக் கதிரையில் இருத்தித் தலை இழுத்துப் பின்னிவிட்டு, தன் பிள்ளையோடு சேர்த்துப் பள்ளிக்கூடம் கூட்டிக்கொண்டு போவா. கேட்கவும் மாட்டா, நன்றி சொல்ல நிற்கவும் மாட்டா.

சரி, வாங்குவது ஏன் கஷ்டம்? நான் என்னை மட்டும் வைத்துச் சொல்லவில்லை. 2009இல் கிட்டத்தட்ட 3 லட்சம் சனம் வன்னியை விட்டு முகாம்களுக்குப் போனோம். பெரும்பகுதி செட்டிக்குளம் மெனிக் பாம். 2012 செப்டெம்பரில்தான் அது மூடப்பட்டது. சொந்த வயலில் நெல் வெட்டி மற்றவனுக்கு அளந்து கொடுத்த மனுசர் அங்கே நிவாரண அட்டையைப் பிடித்துக்கொண்டு அரிசிக்கும் பருப்புக்கும் வரிசையில் நின்றார்கள். என் அப்பா வரிசையில் நிற்கும்போது யாருடைய முகத்தையும் பார்க்க மாட்டார். திரும்பி ஊருக்கு வந்த பிறகும் தகரத்துக்கு ஒரு படிவம், வீட்டுக்கு ஒரு படிவம், கோழிக் குஞ்சுக்கு ஒரு படிவம். ஒவ்வொன்றுக்கும் வீட்டில் யார் யார் செத்தது என்று முதலில் இருந்து சொல்ல வேண்டும். அந்தக் கூச்சம் இன்னும் எங்கள் உடம்பில் இருக்கிறது. அதனால்தான் ஒரு சட்டி கறி கொண்டுவந்தாலும் “எங்களிட்டக் கிடக்கு அக்கா” என்று வாய் தானாகச் சொல்கிறது.

உளமருத்துவர் தயா சோமசுந்தரம் வன்னிச் சனத்தைப் பற்றி 2010இல் ஒரு ஆய்வுக் கட்டுரை எழுதினார். போர் தனி மனிதரை மட்டும் காயப்படுத்தவில்லை, குடும்பத்தையும் ஊரையும் சேர்த்தே காயப்படுத்தியது என்பது அவர் வாதம். ஆளுக்கு ஆள் வைத்திருந்த நம்பிக்கை உடைந்ததை எழுதுகிறார். அதைப் படித்தபோது என் அப்பாவின் குனிந்த தலைதான் கண்ணுக்குள் வந்தது. காயம் ஊருக்கு என்றால், தனியாக ஒரு அறைக்குள் இருந்து அதை மாற்ற முடியாது.

இதில் எனக்குக் கோபம் வருகிற இடம் ஒன்று இருக்கிறது, மறைக்க விரும்பவில்லை. உதவி செய்கிறோம் என்று கமராவோடு வீட்டுக்குள் வருவது. தாலி கழற்றி மாதம் முடியாத பெண்ணைக் கதிரையில் இருத்தி, கையில் உலர் உணவுப் பொதியைக் கொடுத்து, “உங்கட கஷ்டத்தைச் சொல்லுங்கோ” என்று கேட்டு, அவள் அழுகிறதை எடுத்துப் போடுவது. அந்தப் பிள்ளைகள் அடுத்த நாள் பள்ளிக்கூடம் போக வேண்டும். வகுப்பில் எல்லார் கையிலும் அந்த வீடியோ இருக்கும். பசியை விட அது கொடுமை. என் பக்கத்தில் அப்படி ஒரு வீடியோ ஒருநாளும் வராது.

வாங்குகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். முழு உதவியையும் ஏற்க மனம் வராவிட்டால் ஒரு சின்ன வேலையைக் கொடுத்துப் பாருங்கள். கிணற்றுக் கயிறு மாற்றுவது, சைக்கிளுக்குக் காற்று அடிப்பது, அவ்வளவு போதும். சட்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது உடனே ஏதாவது நிரப்பிக் கொடுக்க வேண்டும் என்று ஓடாதீர்கள். எங்கள் ஊரில் ஒருவருடைய வயலில் இன்னொருவர் போய் அரிவு வெட்டினால், பிறகு அந்த வயல்காரர் இவருடைய வயலுக்கு வருவார், கணக்கு வருஷக்கணக்கில் ஓடும். துக்கத்திலும் அப்படி ஓடட்டும்.

காணாமல் ஆக்கப்பட்டவர்களின் அம்மாமாரை விட்டுவிட்டு இதைக் கதைக்க முடியாது. அவர்களுக்கு எட்டும் இல்லை, 31உம் இல்லை, திவசத்துக்கு ஒரு திதியும் இல்லை. 2016இல் சட்டம் மாறி, மரணச் சான்றிதழுக்குப் பதிலாகக் காணவில்லை என்று ஒரு சான்றிதழ் எடுக்கலாம் என்றானது. கடதாசி வந்தாலும் ஆள் வரவில்லையே. கிளிநொச்சியில் கந்தசுவாமி கோவிலுக்கு முன்னால் 2017 பெப்ரவரி 20இல் அவர்கள் போராட்டம் தொடங்கினார்கள். பதில் கிடைக்காமலே கன அம்மாமார் கண்ணை மூடிவிட்டார்கள். அங்கே நான் போயிருக்கிறேன். ஒரு அம்மா இன்னொரு அம்மாவின் மருந்துப் பையைத் திறந்து, “பிறசர்க் குளிசை போட்டதோ?” என்று கேட்டுத் தண்ணிப் போத்திலை நீட்டுகிறா. “இனியாவது மனதைத் தேற்றுங்கோ” என்று அங்கே ஒருத்தரும் சொல்வதில்லை. அவர்களிடம் போகிறவர்களும் அதைச் சொல்லாதீர்கள். மகனைப் பற்றிக் கேளுங்கள், என்ன கறி பிடிக்கும், எந்தப் பாடத்தில் கெட்டிக்காரன் என்று. சொல்ல ஆசையாகத்தான் இருக்கிறார்கள்.

மே 18க்கு, போரில் செத்த எங்கள் சனத்தை நினைத்து முள்ளிவாய்க்கால் கஞ்சி கொடுக்கிறோமே, அதுவும் எனக்குப் பிடித்தது இதனால்தான். அரிசி, தண்ணீர், உப்பு. தெருவால் போகிற எல்லாருக்கும் அதே கஞ்சி. அட்டை கேட்பதில்லை, பேர் எழுதுவதில்லை, கொடுக்கிறவரும் ஒரு சிரட்டை வாங்கிக் குடிக்கிறார்.

இன்னொன்று. மாதக்கணக்கில் நித்திரை இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, இருந்து என்ன பிரயோசனம் என்று யோசனை வருகிறது என்றால் அக்கம்பக்கம் மட்டும் காணாது. கிளிநொச்சி மாவட்ட ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. 1926க்கு எடுத்தால் தேசிய மனநல உதவி இலக்கம். அங்கே போனால் ஊர் என்ன சொல்லும் என்ற பயம் எனக்குத் தெரியும். உங்களுக்கு நம்பிக்கையான ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

கடைசியாக வெளிநாட்டில் இருக்கிற அண்ணாமார், அக்காமாருக்கு. காசு அனுப்ப வேண்டும், யாருக்குக் கொடுக்கலாம் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். நான் இடையில் நிற்கவில்லை. உங்கள் சொந்த ஊரில் சென்ற வருஷம் செத்தவீடு நடந்த வீடு ஒன்று உங்களுக்கே தெரியும். அங்கே நேரே போன் எடுங்கள். முதல் தடவை காசுக் கதை வேண்டாம், சும்மா கதையுங்கள். இரண்டாம் தடவை, பிள்ளையின் ரியூசன் காசோ வயல் உழவுக் கூலியோ ஒன்றைச் சொல்லி, “இதை நான் பார்க்கட்டோ?” என்று கேளுங்கள். ஓம் என்றால் அனுப்புங்கள். படம் அனுப்பச் சொல்லிக் கேட்காதீர்கள்.