ஆங்கில வகுப்பில் அன்றாட எழுத்து

[திரையில்: சுங்கை சிப்புட் நகரம், செம்பனைத் தோட்டச் சாலை]

வணக்கம். மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து இடைநிலைப்பள்ளிக்கு வரும் நம் பிள்ளைகளில் பலருக்கு வீட்டில் தமிழ், பள்ளியில் மலாய். ஆங்கிலம் பெரும்பாலும் பாடவேளையில் மட்டுமே கிடைக்கிறது. அந்த வேளையிலும் எழுத்து எப்போதோ ஒரு கட்டுரையாகச் சுருங்கிவிட்டால், பழக்கம் எங்கிருந்து வரும்?

[திரையில்: எஸ்.பி.எம். ஆங்கிலம், இரண்டாம் தாள்]

இடைநிலைப்பள்ளியின் இறுதித் தேர்வான எஸ்.பி.எம்.மின் ஆங்கில இரண்டாம் தாளில், 2021ஆம் ஆண்டுத் தேர்விலிருந்து, ஒன்றரை மணி நேரத்தில் ஏறத்தாழ 80 சொற்களில் ஒரு மின்னஞ்சலும், 125 முதல் 150 சொற்களில் கொடுக்கப்பட்ட குறிப்புகளைக் கொண்டு ஒரு வழிகாட்டிக் கட்டுரையும், 200 முதல் 250 சொற்களில் ஒரு நீண்ட கட்டுரையும் எழுத வேண்டும். உள்ளடக்கம், வாசகரிடம் கருத்தைச் சேர்க்கும் திறன், அமைப்பு, மொழி ஆகிய நான்குக்கும் புள்ளிகள் சமமாகப் பிரிக்கப்படுவதால், மனப்பாடக் கட்டுரை கைகொடுக்காது.

[திரையில்: மாணவர் நோட்டுப் புத்தகம்]

ஆகவே, ஒவ்வொரு பாடவேளையும் பத்து நிமிட எழுத்தோடு தொடங்கட்டும். செம்பனைக் குலை ஏற்றும் லாரி, பசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையில் அம்மா போடும் கடை, தோட்டக் கோயில் திருவிழா என்று பிள்ளைக்குத் தெரிந்ததே தலைப்பாகட்டும். ஆங்கிலச் சொல் கிடைக்காத இடத்தில் தமிழோ மலாயோ வந்தாலும் எழுத்து நிற்கக் கூடாது. இதற்குப் புள்ளி வேண்டாம். சிவப்பு மையும் வேண்டாம். பக்கம் முழுவதும் திருத்தங்களைக் கண்ட பிள்ளை, அடுத்த முறை தனக்கு உறுதியாகத் தெரிந்த மூன்று வாக்கியங்களோடு நின்றுவிடுகிறது. பிழை குறைகிறது, எழுத்தும் குறைகிறது.

முப்பதுக்கு மேற்பட்ட நோட்டுகளை யார் படிப்பது என்று ஆசிரியர்கள் கேட்பது நியாயமே. நாளுக்கு ஒரு வரிசை மாணவர்களின் நோட்டுகளை மட்டும் வாங்கி, "அப்புறம் பாட்டி என்ன சொன்னார்?" என்பதுபோல் ஒரே ஒரு கேள்வியை ஆங்கிலத்தில் எழுதித் தந்தால் போதும். மாதம் ஒருமுறை, மாணவர் தாமே தேர்ந்தெடுத்த ஒரு பக்கத்தைத் திருத்தி எழுதட்டும். இலக்கணத்துக்கு உரிய இடம் அதுதான். "அவர் ஆசிரியர்" என்று சொல்லத் தமிழிலும் மலாயிலும் வினைச்சொல் தேவையில்லை. ஆகவே ஆங்கிலத்தில் 'இஸ்' விடுபடுவதைக் கவனக்குறைவு என்று கடிந்துகொள்ளாமல், மூன்று மொழிகளையும் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டலாம்.

[திரையில்: வெண்பலகையில் எழுதும் ஆசிரியர்]

1974இல் கலிபோர்னியாவின் பெர்க்லியில் தொடங்கிய எழுத்துத் திட்டம், எழுதக் கற்பிப்பவர் தாமும் எழுத வேண்டும் என்பதை அடிப்படையாகக் கொண்டது. அதுபோல, அந்தப் பத்து நிமிடமும் ஆசிரியர் பலகையில் எழுதட்டும். அடித்ததையும் மாற்றியதையும் அழிக்காமல் மாணவர் பார்வைக்கு விட்டுவைக்கட்டும்.