முகமூடிக்குள் இருந்த நீலத் தூசு

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, பயணக் களைப்பையும் பாராமல் வந்திருக்கும் துணைவேந்தர் அவர்களே, எனக்கு முன்னால் பேசி என் நேரத்தில் பாதியை அன்போடு எடுத்துக்கொண்ட பேராசிரியர் அவர்களே, விழாக் குழுவினரே, பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

போர்வீரனுக்குக் கொடுத்த பாதுகாப்புப் பொருள்களில் மூன்றைப் பற்றிப் பேசுகிறேன்: நச்சுவாயு முகமூடி, எஃகுத் தொப்பி, ரசாயனம் ஊறாத மேலங்கி. முதலில் முகமூடி.

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள். முதல் உலகப் போரில், 1915 ஏப்ரல் 22 மாலை, பெல்ஜியத்தின் ஈப்பர் நகருக்கு அருகே ஜெர்மானியர்கள் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட உருளைகளைத் திறந்து குளோரினைக் காற்றில் விட்டார்கள். எதிரே இருந்த பிரெஞ்சு, அல்ஜீரிய வீரர்களிடம் பேருக்குக்கூட ஒரு முகமூடி இல்லை.

அப்புறம் என்ன செய்தார்கள்? துணியை நனைத்து மூக்கில் கட்டச் சொன்னார்கள். பதுங்குகுழியில் தண்ணீர் இல்லையென்றால்? சிறுநீர்! சிரிக்கிறீர்கள். நானும் முதலில் படித்தபோது சிரித்தேன். ஆனால் நினைத்துப் பாருங்கள். மேலே குண்டு விழுகிறது, எதிரே பச்சை மேகம் ஊர்ந்து வருகிறது, கை நடுங்குகிறது. கேட்டவுடன் வருவதற்கு அது என்ன குழாய்த் தண்ணீரா? பக்கத்தில் நிற்பவனிடம், "அண்ணே, கொஞ்சம் கடன் கொடுங்க" என்று கேட்கவா முடியும்? (தலைவரே சிரித்துவிட்டார், போதும்.) நான்கே நாள் கழித்து நம் இந்தியப் படையும் அந்தக் காற்றில்தான் இறங்கியது. ஜமேதார் மீர் தஸ்த் அன்று வாயுவைச் சுவாசித்தபடியே, காயப்பட்ட அதிகாரிகள் எட்டுப் பேரைக் காப்பாற்றி விக்டோரியா சிலுவை பெற்றார். பதக்கம் வந்தது, பழைய மூச்சு வரவில்லை.

நியூஃபவுண்ட்லாந்து மருத்துவர் மெக்ஃபர்சன் வடிவமைத்த ஃபிளானல் பை அதற்குப் பிறகுதான் வந்தது. போட்டோ கழுவும் ஹைப்போ உப்பில் நனைத்து, தலையோடு கவிழ்த்துக்கொள்ள வேண்டும். 1916-இல் கரி அடைத்த பெட்டி முகமூடி வந்தது. அந்தக் கரிக்காக அமெரிக்காவில் பீச் பழக்கொட்டைகளைக்கூடச் சேகரித்தார்கள்.

சரி, நான் எங்கே வரப்போகிறேன் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் ராணுவ முகமூடிகளின் வடிகட்டியில் எதை வைத்தார்கள்? நீல ஆஸ்பெஸ்டாஸ், நார் நாராகப் பிரியும் ஒரு கனிமம்! இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் தொழிற்சாலையில் அதை அடைத்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். வீரனின் நுரையீரலைக் காக்க உட்கார்ந்தவர்களுக்குத் தங்கள் மூக்கில் கட்ட ஒரு துணி இல்லை. பல ஆண்டுகள் கழித்து, நுரையீரலைச் சுற்றிய சவ்வில் வரும் மீசோதீலியோமா என்ற புற்றுநோய் அவர்களில் பலரைக் கொண்டுபோனது. பிரிட்டன் நீல ஆஸ்பெஸ்டாஸைத் தடை செய்தது 1985-இல், வெள்ளையை 1999-இல். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்!

அதனால்தான் கேட்கிறேன்: பழைய முகமூடியை வேடிக்கைக்குக்கூடப் பிள்ளைகள் முகத்தில் மாட்டாதீர்கள். ஆஸ்பெஸ்டாஸை இன்னும் அனுமதிக்கும் நாடுகள் அதை நிறுத்தட்டும்.

தலைவர் மணியடிக்கிறார். தொப்பியும் மேலங்கியும் இன்னொரு நாளைக்கு. ஆஸ்பெஸ்டாஸை நிறுத்தக் கேட்கும் கையெழுத்துத் தாள் வாசலில் இருக்கிறது, பேனாவும் வைத்திருக்கிறோம். பேனாவை மட்டும் திருப்பி வைத்துவிடுங்கள்.