தீத்தடுப்புக் கோட்டில் நிற்க வேண்டிய ஆட்கள்

அன்பார்ந்த நேயர்களுக்கு வணக்கம். என் பணிக்காலம் முழுவதையும் வனத்துறையில் கழித்து, வனச்சரக அலுவலராக ஓய்வு பெற்றவன் நான். காட்டுத் தீயைப் பற்றிப் பேசுமாறு அழைத்திருக்கிறார்கள். தீயைப் பற்றிப் பேச வேண்டுமென்றால், தீக்குத் தொடர்பே இல்லாதவை போலத் தோன்றும் அன்றாட அவசரங்களைப் பற்றியும் பேசியாக வேண்டும். அந்த அவசரங்களுக்கு ஓடுகிறவர்களும் தீயை அணைக்கிறவர்களும் ஒரே ஆட்கள். இந்த உரையில் நான் திரும்பத் திரும்பச் சொல்லப்போவதும் இதைத்தான்.

முதுமலையை ஒட்டிய ஒரு சரகத்தில் நான் பணியாற்றிய காலம் அது. அங்கே மேற்கே மழை மிகுதி. கிழக்கே வரவர மழை குறைந்து, தை முடிவதற்குள் புல் காய்ந்து, இலையுதிர்ந்து, தரையெங்கும் சருகு மூடிவிடும். மார்ச் மாதத்தில் ஒரு நாள் முன்னிரவில் வாழைத் தோட்டத்துக்குள் இரண்டு யானைகள் புகுந்துவிட்டதாகத் தகவல் வந்தது. வேட்டைத் தடுப்புக் காவலர்கள் ஐந்து பேர் சென்று, விளக்கடித்தும் சத்தமிட்டும் விடியும் வரை நின்று அவற்றைக் காட்டுக்குள் திருப்பினார்கள். அவர்கள் முகாமுக்குத் திரும்பி அடுப்பைப் பற்ற வைப்பதற்குள், சாலையில் புள்ளிமான் ஒன்று வண்டியில் அடிபட்டுக் கிடப்பதாக அடுத்த அழைப்பு வந்தது. அதை முடித்துக் கிளம்பும்போது பள்ளிக்கூடத்துக் கழிப்பறையில் பாம்பு. அதற்குப் பிறகு, வண்டியை நிறுத்திவிட்டு யானையைப் படம் எடுக்க இறங்கி நடந்த சுற்றுலாப் பயணிகளைத் திருப்பி அனுப்பும் வேலை. பிற்பகல் இரண்டரை மணிக்குக் கண்காணிப்புக் கோபுரத்திலிருந்து புகை தெரிவதாகச் செய்தி வந்தபோது, அந்த ஐவரில் ஒருவரும் உறங்கியிருக்கவில்லை.

அவர்களில் மூத்தவர் காட்டுநாயக்கர் பழங்குடியைச் சேர்ந்தவர். புகையைப் பார்த்த மாத்திரத்தில், “வெள்ளையா இருக்கறது புல்லுங்கய்யா, அந்தக் கறுப்பு உண்ணிச்செடி, அதுல ஏறிட்டா அடிச்சு அணைக்க முடியாது” என்றார். பச்சைக் கிளைகளை ஒடித்து, தீயின் ஓரங்களில் அடித்துக்கொண்டே சென்றோம். நேர் எதிரே நின்று அணைக்க நான் முனைந்தபோது, என் தோளைப் பிடித்து நிறுத்தியவரும் அவர்தான். பொழுது சாயட்டும், காற்று கீழ்நோக்கித் திரும்பும், அதன் பிறகு கோட்டிலிருந்து எதிர்த்தீ வைக்கலாம் என்றார். அவர் சொன்னபடியே மாலை மங்கியதும் காற்று மலையிலிருந்து இறங்கியது. தீத்தடுப்புக் கோட்டின் ஓரத்தில் நாங்கள் வைத்த தீ உள்நோக்கி எரிந்து சென்று, வந்துகொண்டிருந்த தீக்கு எரிபொருள் இல்லாமல் செய்தது. எல்லாம் அடங்க இரவு வெகுநேரம் ஆயிற்று. அந்த மனிதர் தினக்கூலிக்கு வேலை பார்த்தவர் என்பதை நான் எங்கே பேசினாலும் சொல்வது வழக்கம், இங்கும் சொல்கிறேன்.

அன்றைக்கு எங்களைக் காப்பாற்றியது அந்தக் கோடு. மார்கழியிலும் தையிலும், புல் முழுவதும் காய்வதற்கு முன்பே, சில மீட்டர் அகலத்திற்குப் புதர் வெட்டி, சருகு கூட்டி, கட்டுப்பாட்டோடு எரித்து உருவாக்கும் வெற்றுப் பட்டை அது. அதை யாரும் படம் எடுப்பதில்லை. செய்தித்தாளில் அது வருவதில்லை. ஆனால் கோடையில் அணைக்கும் தீயில் பெரும்பகுதி மார்கழியிலேயே அணைக்கப்பட்டுவிடுகிறது என்பது என் உறுதியான கருத்து. யானை விரட்டவும் சாலையில் நிற்கவும் அந்த ஆட்களை இழுத்துக்கொண்டால் கோடு அரைகுறையாக நிற்கும். தனி ஆட்கள் வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

மூங்கிலோடு மூங்கில் உரசித் தீப்பிடிப்பதாகப் பலரும் இன்னும் நம்புகிறார்கள். நான் பார்த்த தீக்களுக்குப் பின்னால் மனிதக் கைதான் இருந்தது: அணைக்காமல் எறிந்த பீடி, புதுப்புல் முளைக்கட்டும் என்று மேய்ச்சலுக்காக வைத்த நெருப்பு, சமைத்துவிட்டு விட்டுப்போன அடுப்பு. செயற்கைக்கோள் பார்த்துச் சொல்லிவிடுமே என்று கேட்பார்கள். டேராடூனில் உள்ள இந்திய வன ஆய்வு நிறுவனம் 2004ஆம் ஆண்டு முதல் அவ்வாறு எச்சரிக்கைகளை அனுப்பி வருகிறது. அது பெரிய உதவி. ஆனால் தீயை நுணுக்கமாகக் காணும் செயற்கைக்கோள்கள் பெரும்பாலும் பிற்பகல் ஒன்றரை மணியை ஒட்டியும் பின்னிரவு ஒன்றரை மணியை ஒட்டியும் நம்மைக் கடந்து செல்கின்றன. மூன்று மணிக்குப் பிடித்த தீயை முதலில் காண்பது கோபுரத்தில் நிற்கும் மனிதக் கண்தான்.

நேரம் முடியப்போவதாக நிலையத்தார் சைகை காட்டுகிறார்கள். குரங்கணியைப் பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன், சுருக்கமாகவாவது சொல்லிவிடுகிறேன். 2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. தேனி மாவட்டத்தில், கொழுக்குமலைப் பக்கம் மலையேறித் திரும்பிக்கொண்டிருந்தவர்களைப் புல்வெளிச் சரிவில் தீ சூழ்ந்து, 23 பேரின் உயிரைப் பறித்தது. அதன் பிறகே மலையேற்றத்திற்கென்று தனி விதிகள் வந்தன. எரியும் தீக்குச்சியைத் தலைகீழாகப் பிடித்துப் பாருங்கள். சுடர் விரலை நோக்கி எவ்வளவு விரைவாக ஏறுகிறது என்று தெரியும். சரிவில் காய்ந்த புல்லும் அப்படித்தான். ஆகவே தீயைக் கண்டால் மேட்டை நோக்கி ஓடாதீர்கள்; பக்கவாட்டில் விலகிக் கீழே இறங்குங்கள்; ஏற்கெனவே எரிந்து கறுத்த இடம், பாறை, ஓடை, இவற்றில் எது அருகில் இருக்கிறதோ அங்கே செல்லுங்கள். உயரமான புல்லுக்குள் நுழையாதீர்கள். கோடையில் அனுமதியின்றிக் காட்டுக்குள் போகாதீர்கள். சாலையிலிருந்து புகையைப் பார்த்தால், யாராவது சொல்லியிருப்பார்கள் என்று கடந்துவிடாமல், அருகிலுள்ள வனச் சோதனைச் சாவடியில் நிறுத்திச் சொல்லுங்கள். சாவடி இல்லாத இடத்தில் 101 எண்ணுக்கு அழைத்துத் தீயணைப்பு நிலையத்திடம் சொன்னாலும் போதும். நன்றி, வணக்கம்.