உப்புப் பரணியும் கேமரா லென்ஸும்

நேயர்களுக்கு வணக்கம்.

அடுக்களையில் இருக்கும் உப்புப் பரணியைத் திறந்து பாருங்கள். உப்பு கசிந்து நீர் விட்டுக் கிடக்கிறதா? அப்படியென்றால் அலமாரியில் இருக்கும் லென்ஸுக்குள் பூசணம் பிடிக்கத் தேவையான ஈரம் உங்கள் வீட்டுக் காற்றில் தாராளமாக இருக்கிறது. சுத்தமான உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் நீர் விடும். கல்லுப்பு அதற்கு முன்பே கசிந்துவிடும். பூசணத்துக்கோ 60, 70 சதவீதம் பல நாள் நீடித்தாலே போதும். ஆனி ஆடியில் ஒரு மழை, ஐப்பசி கார்த்திகையில் இன்னொரு மழை என்று இரண்டு பருவமும் வாய்த்த குமரி மாவட்டத்தில், குலசேகரம், திற்பரப்பு பக்கம் ரப்பர் தோட்டத்துக்கு நடுவே இருக்கும் வீடுகளில் இது வருடத்தில் பாதி நாள் இருக்கும் நிலைமைதான்.

முதலில் லென்ஸைச் சோதித்துப் பாருங்கள். கேமராவிலிருந்து கழற்றி, இரண்டு பக்க மூடியையும் எடுத்துவிட்டு, இருட்டறையில் பின்பக்கமிருந்து டார்ச் வெளிச்சத்தைச் சற்றுச் சாய்வாக அடியுங்கள். பழைய லென்ஸ் என்றால், வெளிச்சம் நுழையும் துவாரத்தைச் சுருக்கி விரிக்கும் அப்பர்ச்சர் வளையத்தை முழுக்கத் திறந்து வையுங்கள். புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் தூசி, அதை விட்டுவிடலாம். மூச்சு பட்ட கண்ணாடி போல முழுதும் மங்கியிருந்தால் உள்ளே இருக்கும் கிரீஸ் ஆவியாகிப் படிந்திருக்கிறது. ஓரத்தில் தொடங்கி நடுவை நோக்கி, சிலந்தி நூலைவிட மெல்லிய வெள்ளை இழைகள் கிளை கிளையாக வேர் விட்டிருந்தால், அதுதான் பூசணம்.

நாலு இழை இருப்பதால் படம் கெட்டுவிடாது. வெயிலுக்கு எதிரே எடுக்கும்போதுதான் வெளிறல் தெரியும். ஆனால் அந்த இழைகள் அமிலம் சுரக்கின்றன. அது முதலில் கண்ணாடி மேல் இருக்கும் கோட்டிங்கை அரிக்கும், பிறகு கண்ணாடியையே அரிக்கும். இழையைத் துடைத்த பிறகும் அதே வடிவத்தில் தடம் தெரிந்தால் அரிப்பு விழுந்துவிட்டது. எந்த மருந்தும் அதைப் போக்காது. அதனால்தான் சீக்கிரம் கவனிக்கச் சொல்கிறேன்.

லென்ஸை வெயிலில் காயவைக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். ஜன்னல் கண்ணாடியும் லென்ஸ் கண்ணாடியும் பூசணத்தைக் கொல்லும் புற ஊதாக் கதிரில் பெரும்பகுதியைத் தடுத்துவிடும். சூட்டில் கிரீஸ் இளகி அப்பர்ச்சர் தகடுகளில் இறங்கும். மூடியில்லாத லென்ஸ் வெயிலைக் குவித்துத் துணியில் தீப்பிடிக்க வைத்துவிடவும் கூடும்.

முன்கண்ணாடி, பின்கண்ணாடியின் வெளிப்புறத்தில் இருக்கும் பூசணத்தை நீங்களே எடுக்கலாம். புளோயரால் தூசியை ஊதி அகற்றுங்கள். வாயால் ஊத வேண்டாம். மருந்துக்கடையில் 6 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு கிடைக்கும். அதில் சம அளவு டிஸ்டில்டு வாட்டர் சேருங்கள். லென்ஸ் டிஷ்யூவில் இரண்டு சொட்டு விட்டு, நடுவிலிருந்து ஓரத்துக்கு வட்டமாகத் துடையுங்கள். கண்ணாடி மேல் நேராகச் சொட்டினால் ஓரத்து இடுக்கு வழியே உள்ளே இறங்கிவிடும். சில நிமிடம் கழித்து, புது டிஷ்யூவில் 99 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்டு ஒருமுறை துடைத்தால் போதும். இதற்குப் பதிலாக சானிடைசரோ தின்னரோ வேண்டாம். சானிடைசரில் கிளிசரின் இருக்கும், திட்டு விழும். தின்னர் பிளாஸ்டிக்கையும் பெயின்டையும் கரைக்கும்.

உள்ளே இருந்தால் மெக்கானிக்கிடம் கொடுங்கள். கையால் போகஸ் செய்யும் பழைய மேனுவல் 50 எம்.எம். லென்ஸைப் பொறுமையுள்ளவர்கள் வீட்டில் பிரிக்கலாம். ஒவ்வொரு கண்ணாடியும் எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்று போனில் படம் எடுத்துக்கொண்டே போக வேண்டும். ஆட்டோபோகஸ் ஜூமில் கை வைக்காதீர்கள். மெல்லிய கேபிள் அறுந்துபோகும், கண்ணாடியின் நேர் தப்பினால் படத்தில் ஒரு ஓரம் தெளிவாகவே வராது. இரண்டு கண்ணாடியை ஒட்டியிருக்கும் பசைக்குள் பூசணம் இருந்தால் செலவழிப்பதில் பிரயோசனம் இல்லை.

இனி வைக்கும் இடம். தோல் உறை கூடவே கூடாது, பூசணத்துக்கு அது தீனி. ரப்பர் வளையம் வைத்த 10 லிட்டர் பிளாஸ்டிக் டப்பா, ஈரத்தை உறிஞ்சும் நீலநிற சிலிக்கா ஜெல், ஒரு ஈரப்பதமானி. முள் 40க்கும் 50க்கும் இடையில் நிற்க வேண்டும். 30க்குக் கீழே நாள்கணக்கில் போனால் ரப்பரும் கிரீஸும் காய்ந்துவிடும். அரிசி வேண்டாம்; அது ஈரத்தைச் சரியாக இழுக்காது, மாவுத்தூசியும் விடும்.

மீட்டர் சரியாகக் காட்டுகிறதா என்பதற்கு மறுபடி உப்புதான் சாட்சி. ஒரு பாட்டில் மூடியில் தூளுப்பு போட்டு, ஈர மணல் பதத்துக்குச் சில சொட்டுத் தண்ணீர் விடுங்கள். மூடியையும் மீட்டரையும் ஜிப் கவரில் சேர்த்து மூடி, 8 மணி நேரம் விடுங்கள். 75 காட்ட வேண்டும். 70 காட்டினால், பிறகு பார்க்கும்போதெல்லாம் 5 கூட்டிக்கொள்ளுங்கள்.

சிலிக்கா ஜெல் ரோஸ் நிறமானால், சமையலுக்குப் பயன்படுத்தாத பழைய இரும்புச் சட்டியில் சிறு தீயில் கிளறி, நீலம் திரும்பியதும் இறக்குங்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள். அந்த நீலம் கோபால்ட் உப்பு, தூசியைச் சுவாசிக்கக் கூடாது. இறக்கியதும் மூடியுள்ள கண்ணாடிக் குப்பியில் போட்டு அடைத்து ஆறவிடுங்கள். சட்டியிலேயே ஆறவிட்டால், நம்மூர் மழைக்காற்றிலிருந்து மறுபடி ஈரத்தைக் குடிக்கத் தொடங்கிவிடும்.