கட்டாமல் விட்ட பேங்கிலேயே மறுபடியும் கடன் கேட்கலாமா?

[காட்சி: மலேசியா, சுங்கை சிப்புட் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு விளக்குக் கம்பம். ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டிய ஸ்டிக்கர்கள்.]

வணக்கம். இந்தக் கம்பத்தைப் பாருங்கள். பிளாக்லிஸ்ட் ஆனவர்களுக்கும் கடன் உண்டு என்று மலாயில் எழுதி, கீழே ஒரு கைப்பேசி எண். பேங்கில் முடியாது என்று சொல்லக் கேட்டு வெளியே வருகிறவர் கண்ணில் முதலில் படுவது இதுதான். அந்த எண்ணைக் கூப்பிடும் முன் பத்து நிமிடம் இந்த வீடியோவைப் பாருங்கள்.

முதலில் ஒன்று. மலேசியாவில் பிளாக்லிஸ்ட் என்று ஒரு பட்டியல் கிடையாது. நாட்டின் மத்திய வங்கியான பேங்க் நெகாரா, சிசிரிஸ் (CCRIS) என்ற கடன் பதிவை வைத்திருக்கிறது. உங்கள் பெயரில் நிலுவையில் உள்ள கடன்கள், கடந்த 12 மாதங்களில் எப்படிக் கட்டினீர்கள், எங்கெல்லாம் விண்ணப்பித்திருக்கிறீர்கள், இவை அதில் இருக்கும். ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு எண். 0 என்றால் பாக்கி இல்லை. 2 என்றால் இரண்டு மாதம் பின்தங்கியிருக்கிறீர்கள். இவருக்குக் கடன் கொடு, இவருக்குக் கொடுக்காதே என்று சிசிரிஸ் சொல்வதில்லை. முடிவு பேங்கினுடையது.

இன்னொன்று சிடிஓஎஸ் (CTOS). அது தனியார் நிறுவனம். கோர்ட் வழக்கு, திவால் போன்ற விவரங்களும் 300 முதல் 850 வரையான ஒரு மதிப்பெண்ணும் அதில் வரும்.

இந்த இரண்டையும் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். மூன்றாவது ஒன்று இருக்கிறது: நீங்கள் கட்டாமல் விட்ட பேங்கின் சொந்தக் கணக்கு. சிசிரிஸ் காட்டுவது 12 மாதக் கதை. பேங்கின் சொந்தப் பதிவுக்கு அந்த எல்லை இல்லை. வேறு பேங்க் சரி என்று சொல்லும்போது பழைய பேங்க் மட்டும் கையை விரிக்கக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

[காட்சி: செம்பனைத் தோட்டத்தின் ஓரம். இடிக்கப்பட்ட லயத்தின், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டின், சிமெண்டுத் தரை மட்டும்.]

என் அண்ணனுக்கு நடந்ததைச் சொல்கிறேன். 2015-இல் அவர் ஒரு பேங்கில் தவணைக் கடனில் எடுத்த மோட்டார் சைக்கிளை இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அந்த வருடம் மழை விடவில்லை. ரப்பர் மரத்தில் பால் வெட்டு இல்லாத நாளுக்குச் சம்பளம் எங்கிருந்து வரும்? மூன்று தவணை தவறியது. வண்டி போனதோடு கடனும் போனது என்று வீட்டில் எல்லாருமே நினைத்தோம்.

அப்படி இல்லை. இழுத்த வண்டியை ஏலம் விடுவார்கள். உதாரணத்துக்கு, நிலுவை 4,000 வெள்ளி (ரிங்கிட்), ஏலத்தில் வந்தது 2,500 வெள்ளி என்றால் மிச்சம் 1,500 வெள்ளி உங்கள் தலையில்தான். இழுத்த செலவு, நிறுத்திவைத்த செலவு, தாமத வட்டி எல்லாம் அதன் மேல் ஏறும்.

அதைச் சொல்லும் கடிதங்கள் வந்திருக்கின்றன, ஆனால் எங்கள் கைக்கு வரவில்லை. தோட்டம் கைமாறி லயத்தைக் காலி செய்துவிட்டோம். கடிதமெல்லாம் தோட்ட ஆபீஸ் முகவரிக்கே போய்க்கொண்டிருந்தது. தோட்டத்திலிருந்து டவுனுக்கு வந்த குடும்பங்களில் இது சாதாரணமாக நடக்கிறது. ஐசியில், அதாவது அடையாள அட்டையில், முகவரியை மாற்றுவோம், பேங்கில் மாற்ற மறந்துவிடுவோம்.

2022-இல் அண்ணன் அதே பேங்கில் கார் லோன் கேட்டார். ஒரே வாரத்தில் பதில் வந்தது: பழைய கணக்கு முடியவில்லை.

இந்த இடத்தில் பலர் சொல்கிற ஒரு வாதம் உண்டு. ஆறு வருடம் ஆகிவிட்டால் கடன் செல்லாது என்பார்கள். அதில் பாதிதான் உண்மை. 1953-ஆம் ஆண்டு காலவரம்புச் சட்டப்படி, ஒப்பந்தக் கடனுக்குப் பொதுவாக ஆறு வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும். ஆனால் ஏற்கெனவே கோர்ட்டில் தீர்ப்பு வாங்கியிருந்தால் அதற்கு 12 வருடம். நீங்கள் கொஞ்சம் காசு கட்டினாலோ, கடன் இருக்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாலோ, காலம் மறுபடி முதலிலிருந்து எண்ணப்படலாம். அதனால் வசூல் செய்கிறவர் போனில் மிரட்டுகிறார் என்பதற்காக அவசரத்தில் ஐம்பது வெள்ளி போட்டுவிடாதீர்கள். தொகை பெரிதாக இருந்தால் ஒரு வக்கீலிடம் கேளுங்கள்.

வழக்குப் போட முடியாது என்பது வேறு, புதுக் கடன் கொடுப்பது வேறு. உன்னால் என்மேல் வழக்குப் போட முடியாது, ஆனாலும் எனக்கு 30,000 வெள்ளி கொடு என்று ஒருவரிடம் கேட்க முடியுமா? அதே பேங்கில் மறுபடியும் நுழைய வேண்டுமென்றால் பழைய கணக்கைப் பேசி முடிப்பது ஒன்றுதான் வழி.

[காட்சி: மேசையில் ஒரு கோப்பு, பேனா, கால்குலேட்டர்.]

எப்படிப் பேசுவது? விண்ணப்பம் போட அல்ல, பாக்கி எவ்வளவு என்று எழுத்தில் கேட்கப் போங்கள். அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, செலவு எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள். கடன் இன்னும் பேங்கிடம்தான் இருக்கிறதா, வேறு நிறுவனத்துக்கு விற்றுவிட்டார்களா என்பதையும் கேட்க வேண்டும். விற்றிருந்தால் பேங்கில் கட்டிப் பயனில்லை.

அப்புறம் பேரம். மொத்தமாகக் கட்டினால் தாமத வட்டியைக் குறைக்கப் பல இடங்களில் சம்மதிப்பார்கள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: அசலிலேயே தள்ளுபடி வாங்கி முடித்தால், அது பேங்குக்கு நஷ்டம். அந்த நஷ்டத்தைப் பேங்க் குறித்துவைத்துக்கொள்ளும். பின்னால் அதே பேங்கில் கடன் கேட்கும் எண்ணம் இருந்தால், அசலை முழுதாகக் கட்டி வட்டியில் மட்டும் சலுகை கேட்பதே நல்லது என்பது என் கருத்து. அண்ணன் அப்படித்தான் செய்தார். எவ்வளவுக்கு ஒத்துக்கொண்டார்கள் என்ற கடிதம் கைக்கு வந்த பிறகுதான் காசு கட்டினார். கட்டியதும் கணக்கு முடிந்தது என்ற கடிதத்தையும் வாங்கினார்.

சிசிரிஸ் பதிவு அன்றைக்கே மாறாது. பேங்குகள் மாதத்துக்கு ஒருமுறைதான் விவரம் அனுப்புகின்றன. ஒன்றிரண்டு மாதம் பொறுத்து, இ-சிசிரிஸ் என்ற இணையச் சேவையில் நீங்களே பாருங்கள், இலவசம்தான். தப்பாக இருந்தால் விவரம் அனுப்பிய பேங்கிடம்தான் திருத்தச் சொல்ல வேண்டும். காசு கொடுத்தால் சிசிரிஸைச் சுத்தம் செய்து தருகிறேன் என்கிறவன் ஏமாற்றுக்காரன். எவனாலும் அது முடியாது.

கடன் ஒன்றல்ல, நான்கைந்து என்றால் ஏகேபிகே (AKPK) என்ற கடன் ஆலோசனை அமைப்பிடம் போங்கள். பேங்க் நெகாரா 2006-இல் தொடங்கியது அது. ஆலோசனைக்குக் கட்டணம் இல்லை. உங்கள் சம்பளத்தில் எவ்வளவு கட்ட முடியும் என்று பார்த்து, பேங்குகளோடு பேசித் தவணையை மாற்றித் தருவார்கள். அந்தத் திட்டத்தில் இருக்கும் காலத்தில் புதுக் கடன் கிடைக்காது என்று நினைத்துக்கொண்டே சேர வேண்டும்.

விண்ணப்பம் போடும் நேரம் வந்தால், ஒரே வாரத்தில் ஐந்து பேங்கில் போடாதீர்கள். நிலுவையில் உள்ள விண்ணப்பங்களும் சிசிரிஸில் தெரியும். காசுக்கு அலைகிறார் என்று தோன்றும். சம்பளச் சீட்டு, இபிஎப் (ஊழியர் சேமநிதி) அறிக்கை, பேங்க் அறிக்கை மூன்றையும் சேர்த்துவையுங்கள். கையில் ரொக்கமாகச் சம்பளம் வாங்குகிறவர்கள் மாதாமாதம் அதைப் பேங்கில் போட்டு எடுங்கள்.

இதைச் சொல்லும்போது மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. தோட்டத்துச் சனங்கள் கட்டாதவர்கள் இல்லை. 1960-இல் மலேசிய இந்தியத் தலைவர் துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, துண்டாடப்பட்டு விற்பனைக்கு வந்த தோட்டங்களை வாங்கப் பணம் போட்டவர்கள் பால்மரம் வெட்டியவர்கள்தான். எங்கள் அம்மா இருபது வருடம் கூட்டுப் (சீட்டு) போட்டார், ஒரு மாதம் தவறியதில்லை. ஆனால் அந்த நாணயம் எந்த பேங்கின் கம்ப்யூட்டரிலும் தெரியாது.

[காட்சி: மறுபடியும் அந்தக் கம்பம். ஒரு கை ஸ்டிக்கரைக் கிழிக்கிறது.]

எல்லா பேங்கும் முடியாது என்று சொல்லி, அவசரம் என்றால்? உரிமம் பெற்ற வட்டிக்கடை இருக்கிறது. 1951-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆண்டுக்கு, அடமானம் இருந்தால் 12 விழுக்காடு, இல்லாவிட்டால் 18 விழுக்காடு. அதற்கு மேல் வாங்கக் கூடாது. ஏடிஎம் கார்டைக் கொடு என்று கேட்டால் அந்த நொடியே எழுந்து வந்துவிடுங்கள். உரிமம் உண்மையா என்பதை வீடமைப்பு, ஊராட்சி அமைச்சிடம் சரிபார்க்கலாம்.

அண்ணன் முடித்துக் கொடுத்து ஒரு வருடம் கழித்து, வேறொரு பேங்கில் பழைய கார் ஒன்றுக்குச் சின்னக் கடனாக எடுத்தார். தவணை தவறாமல் போகிறது. பழைய பேங்கில் அடுத்த வருடம் கேட்கப் போகிறார். கணக்கு முடிந்ததற்கான கடிதத்தின் அசல் அம்மாவின் தகரப் பெட்டியில், எங்கள் பிறப்புப் பத்திரங்களோடு இருக்கிறது. பேங்கில் கேட்டால் நகலைக் கொடுங்கள், அசலைக் கொடுக்காதீர்கள்.